காற்றும் அலையும் மிகுந்த நீரில் துடுப்புப் படகுப் போட்டி

காற்றும் அலையும் மிகுந்த நீரில் துடுப்புப் படகுப் போட்டி என்பது, அமைதியான நீர்ப்பரப்புக்கென உருவாக்கப்பட்ட பந்தயத் துடுப்புப் படகுகளையும் அவற்றுக்கான போட்டி ஏற்பாடுகளையும் காற்று, அலை, நீரோட்டம் ஆகியவற்றுக்கு ஏற்ப மாற்றியமைத்து நடத்தப்படும் போட்டியாகும். காற்று வலுக்கும்போது துடுப்புப் படகுப் போட்டியில் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது பாதுகாப்பு: தாழ்ந்த விளிம்புடைய பந்தயப் படகினுள் அலைநீர் எளிதில் புகுந்துவிடும். இரண்டாவது நடுநிலை: ஒரே பந்தயத்தில் ஓடும் படகுகள் எல்லாவற்றையும் காற்று ஒரே அளவில் தாக்குவதில்லை.

இச்சிக்கல்களுக்கு மூன்று வகையான தீர்வுகள் கையாளப்படுகின்றன. அவையாவன:

* காற்று குறைந்த இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்
* படகிலும் துடுப்பிலும் சிறு மாற்றங்கள் செய்தல்
* அலையைத் தாங்கவல்ல வேறு வகைப் படகையும் அதற்கேற்ற வேறு வகைப் போட்டியையும் உருவாக்குதல்

மூன்றாவது வழியில் தோன்றியதே கடலோரத் துடுப்புப் படகோட்டம் ஆகும். இது 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டிகளின் நிரலில் சேர்க்கப்பட்டுள்ளது. சென்னையிலும் கொழும்பிலும் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்றுவரும் துடுப்புப் படகோட்டம் பெரும்பாலும் முதல் வழியையே சார்ந்து வந்துள்ளது.

பந்தயப் படகின் இயல்பு

பந்தயத் துடுப்புப் படகின் வடிவத்தை முடிவு செய்வது நீரின் தடை ஆகும். நீளமான, குறுகிய உடற்பகுதி குறைந்த அலையை எழுப்புவதால் குறைந்த ஆற்றலிலேயே வேகமாகச் செல்கிறது. ஒருவர் மட்டும் ஓட்டும் ஒற்றையர் படகு ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுடையது. நீர்மட்டத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மட்டுமே. பன்னாட்டு விதிகளின்படி அதன் குறைந்தபட்ச எடை 14 கிலோகிராம் ஆகும். எண்மர் படகு ஏறத்தாழ 17 மீட்டர் நீளமும் குறைந்தது 96 கிலோகிராம் எடையும் உடையது.

இத்தகைய படகு தானாக நிமிர்ந்து நிற்கும் இயல்பு அற்றது. மிதிவண்டி ஓடும்போது மட்டும் நிமிர்ந்து நிற்பது போல, இப்படகு துடுப்புகளின் உதவியால் மட்டுமே சமநிலையில் இருக்கிறது. இருபுறமும் நீரில் படிந்துள்ள துடுப்புகள், கயிற்றின்மேல் நடப்பவர் கையிலுள்ள கோலைப் போன்று பயன்படுகின்றன. ஒற்றையர் படகில் துடுப்பைக் கைவிட்டால் சில நொடிகளில் படகு கவிழ்ந்துவிடும்.

மேலும் மூன்று கூறுகள் அலையுள்ள நீரில் இப்படகுக்குப் பாதகமாக அமைகின்றன:

* படகின் விளிம்பு நீர்மட்டத்திலிருந்து மிகக் குறைந்த உயரத்திலேயே உள்ளது.
* துடுப்பு வலிப்போர் பின்நோக்கி அமர்ந்திருப்பதால் முன்னால் வரும் அலையையும் காற்று வீச்சையும் அவர்களால் பார்க்க இயலாது.
* கால்கள் படகில் பொருத்தப்பட்ட காலணிகளுக்குள் இருப்பதால் கவிழும்போது உடனே வெளியேறுவது கடினமாகலாம்.

காற்றின் விளைவுகள்

காற்றுத் தடை

படகின் மீதான காற்றின் தடை, படகுக்கும் காற்றுக்கும் இடையிலான ஒப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அதிகரிக்கும். எடுத்துக்காட்டாக, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு படகைக் கொள்வோம். காற்றே இல்லாதபோது அது உணரும் ஒப்பு வேகம் 5 ஆகும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் ஒப்பு வேகம் 8 ஆகிறது. அப்போது காற்றுத் தடை (8/5)², அதாவது 2.56 மடங்காக உயரும். அதே காற்று பின்னிருந்து வீசினால் ஒப்பு வேகம் 2 ஆகக் குறைந்து, தடை 0.16 மடங்காகிறது.

அமைதியான நிலையில் படகின் மொத்தத் தடையை 100 எனவும், அதில் காற்றின் பங்கை 10 எனவும் எடுத்துக்கொண்டால், எதிர்க்காற்றில் மொத்தத் தடை ஏறத்தாழ 116 ஆகவும் பின்காற்றில் ஏறத்தாழ 92 ஆகவும் இருக்கும். அதாவது எதிர்க்காற்றால் ஏற்படும் இழப்பு, அதே அளவு பின்காற்றால் கிடைக்கும் ஆதாயத்தைவிட அதிகம். வேகம் குறைந்த சிறிய படகுகள் பந்தயத்தில் நீண்ட நேரம் இருப்பதால் அவற்றின் இழப்பும் கூடுகிறது.

இக்காரணத்தாலேயே துடுப்புப் படகோட்டத்தில் 'உலகச் சாதனை' என்ற சொல் தவிர்க்கப்பட்டு, 'உலகின் சிறந்த நேரம்' என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது. ஓர் ஏரியில் பின்காற்றில் எடுத்த நேரத்தையும் வேறோர் ஏரியில் எதிர்க்காற்றில் எடுத்த நேரத்தையும் ஒப்பிடுவது பொருந்தாது.

அலை

காற்றினால் எழும் அலையின் உயரம் மூன்று காரணிகளைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது வீசிய கால அளவு, தடையின்றி அது கடந்து வந்த நீர்ப்பரப்பின் நீளம். மூன்றாவது காரணியே நீர்நிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம். ஒரே காற்று, குறுகிய கால்வாயின் குறுக்கே வீசும்போது சிறு நெளிவுகளை மட்டும் உண்டாக்கும். அதே கால்வாயின் நீளவாக்கில் வீசும்போது மறுமுனையில் படகினுள் புகும் அளவுக்கு அலையை எழுப்பும்.

ஆழம் குறைந்த நீரில் எழும் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வருகின்றன. நீண்ட பந்தயப் படகின் முன்முனை ஓர் அலையிலும் நடுப்பகுதி வேறோர் அலையிலும் இருக்கும் நிலை ஏற்படுவதால், ஆழ்கடலின் நீண்ட ஏற்ற இறக்கத்தைவிட இத்தகைய குட்டை அலையே அதற்குப் பெரிய இடையூறாகும். நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் காற்று வீசினால் அலைகள் மேலும் செங்குத்தாகின்றன.

பக்கக்காற்று

பக்கவாட்டில் வீசும் காற்று படகைத் தன் பாதையிலிருந்து தள்ளுகிறது; ஒருபக்கத் துடுப்பைத் தூக்கியும் மறுபக்கத் துடுப்பை அழுத்தியும் சமநிலையைக் குலைக்கிறது. பந்தயத்தின் நடுநிலையைப் பெரிதும் பாதிப்பதும் இதுவே. காற்று வரும் கரையில் மரங்களோ கட்டடங்களோ பார்வையாளர் மாடமோ இருந்தால், அக்கரையை ஒட்டிய ஓடுபாதைகள் காற்று மறைவில் அமைந்துவிடும். எதிர்க்கரையை ஒட்டிய பாதைகளில் ஓடுபவர்கள் முழுக் காற்றையும் அலையையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

படகில் செய்யப்படும் மாற்றங்கள்

அமைதி நீருக்கான படகையே மிதமான அலையில் பயன்படுத்தும்போது பின்வரும் மாற்றங்கள் செய்யப்படுகின்றன.

* துடுப்புத் தாங்கியின் உயரம்: படகின் பக்கச் சட்டத்தில் உள்ள துடுப்புத் தாங்கியை, வளையத் தகடுகளை மாற்றி, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயர்த்துவர். இதனால் துடுப்பின் அலகு திரும்பி வரும்போது அலையின் முகட்டில் இடிக்காமல் கடக்கும்.
* துடுப்பின் நெம்புகோல் விகிதம்: எதிர்க்காற்றில் ஒவ்வொரு வலிப்பும் கனமாகிறது. துடுப்பின் கழுத்து வளையத்துக்கும் தாங்கிக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள நெகிழி வளையத்தைச் செருகினால், உட்பக்க நீளம் கூடி வெளிப்பக்க நீளம் குறைகிறது, வலிப்பு இலகுவாகிறது. பின்காற்றில் இவ்வளையத்தை அகற்றிவிடலாம். மிதிவண்டியின் பற்சக்கர மாற்றத்துக்கு இது ஒப்பானது.
* அலைவெட்டி: மீனவர் வழக்கில் அணியம் எனப்படும் முன்முனைக்குப் பின்னால், கூர்முனை முன்நோக்கிய சிறு தடுப்பு ஒன்று பொருத்தப்படுகிறது. முன்தளத்தின் மீது ஏறிவரும் நீரை இது இருபுறமும் பிரித்து வெளியேற்றும்.
* பக்க மறைப்பு: பக்கச் சட்டத்தின் கம்பிகளுக்கு இடையில் நெகிழித் தாளை ஒட்டி, அலை அங்கு மோதிப் படகினுள் தெறிப்பதைத் தடுப்பர்.
* அடித்துடுப்பு: படகின் அடியில் உள்ள சிறு நிலைத்தகட்டுக்குப் பதிலாகப் பெரியதைப் பொருத்தினால் பக்கக்காற்றில் படகு திசை மாறுவது குறையும்.
* நீர் எக்கி: நீண்டதூரப் போட்டிகளில் சில படகுகளில் மின்கலத்தால் இயங்கும் எக்கி வைக்கப்படுகிறது.

மிதப்புத் திறனுக்கும் விதி உண்டு. முன், பின் அறைகள் காற்றுப் புகாவண்ணம் மூடப்பட்டிருக்க வேண்டும். படகு முழுவதும் நீர் நிரம்பி, ஓட்டுநர்கள் அமர்ந்திருக்கும் நிலையிலும், இருக்கையின் மேற்பகுதி நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் கீழே செல்லாதவாறு மிதக்க வேண்டும். காலணிகளின் குதிகாலைக் கட்டியிருக்கும் கயிறு, கவிழும்போது கைகளின் உதவியின்றியே கால்களை விடுவிக்கும் அளவில் இருக்க வேண்டும். படகின் முன்முனையில் மோதலைத் தாங்கும் சிறு பந்து ஒன்றும் கட்டாயமாகும்.

துடுப்பு வலிக்கும் முறையும் மாறுகிறது. அலையில் வலிப்பின் நீளம் சற்றுக் குறைக்கப்பட்டு எண்ணிக்கை கூட்டப்படுகிறது. அலகு நீரிலிருந்து தெளிவாக உயர்த்தி எடுக்கப்பட்டு, மீண்டும் நீரில் இறங்கும் தருணம்வரை கிடையாகவே வைக்கப்படுகிறது. இவ்வாறு கிடையாக வைப்பதால் எதிர்க்காற்றின் தடையும் குறைகிறது.

இம்மாற்றங்களுக்கு எல்லை உண்டு. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ச்சு பல்கலைக்கழகங்களுக்கு இடையே 1829ஆம் ஆண்டு தொடங்கிய படகுப் பந்தயம் இலண்டனில் தேம்சு ஆற்றின் ஓதம் ஏறும் பகுதியில், ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர் தொலைவுக்கு நடைபெறுகிறது. ஓதத்துக்கு எதிராகக் காற்று வீசும் நாட்களில் அங்கு பெரிய அலைகள் எழும். 1912ஆம் ஆண்டு இரு அணிகளின் படகுகளிலும் நீர் நிரம்பியதால் பந்தயம் மீண்டும் நடத்தப்பட்டது. 1978ஆம் ஆண்டு கேம்பிரிட்ச்சு படகு மூழ்கியது. 2016ஆம் ஆண்டு மகளிர் பந்தயத்தில் கேம்பிரிட்ச்சு படகு நீர் நிரம்பிய நிலையிலேயே ஓடி முடித்தது.

போட்டி ஏற்பாட்டில் மாற்றங்கள்

நவீன ஒலிம்பிக்கில் துடுப்புப் படகோட்டத்தின் தொடக்கமே காற்றால் தடைப்பட்டதாகும். 1896ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் கடலில் நடக்கவிருந்த துடுப்புப் படகுப் போட்டிகள் பலத்த காற்றினால் கைவிடப்பட்டன. இவ்விளையாட்டு 1900ஆம் ஆண்டு பாரிசில் ஆற்றில் நடத்தப்பட்டது. அதன்பின் காற்று மறைவுள்ள நேரான நீர்ப்பரப்பைத் தேடுவதும், கிடைக்காவிட்டால் அதைத் தோண்டி உருவாக்குவதும் வழக்கமாயிற்று. வழக்கமான பன்னாட்டுப் பந்தயத் தொலைவு 2000 மீட்டர். ஒவ்வோர் ஓடுபாதையின் அகலம் 13.5 மீட்டர் ஆகும்.

இவ்வாறு உருவாக்கப்பட்ட இடங்களிலும் காற்றை முழுமையாகத் தவிர்க்க முடியவில்லை. 2004 ஒலிம்பிக்கிற்கென ஏதென்சு அருகே சினியாசு என்னுமிடத்தில் அமைக்கப்பட்ட நீர்ப்பரப்பில் 2003ஆம் ஆண்டு உலக இளையோர் போட்டி நடந்தபோது, பலத்த காற்றினால் பல படகுகளில் நீர் புகுந்தது. 2016 இரியோ ஒலிம்பிக்கில் ஆகத்து 6 அன்று செர்பிய இருவர் படகு கவிழ்ந்தது. ஆகத்து 7, 10 ஆகிய இரு நாட்களின் பந்தயங்கள் முழுவதும் ஒத்திவைக்கப்பட்டன. தோக்கியோ ஒலிம்பிக்கின் நீர்ப்பரப்பு கடலின் ஒரு பகுதியைத் தடுத்து அமைக்கப்பட்டது. அதன் கரையோரம் அலையை உறிஞ்சும் மிதவைகள் போடப்பட்டிருந்தன. அங்கும் நெபார்டாக் புயலின் முன்னறிவிப்பால் 2021 சூலை 26ஆம் நாளின் பந்தயங்கள் வேறு நாட்களுக்கு மாற்றப்பட்டன.

காற்றினால் நடுநிலை குலையும்போது போட்டி நடத்துவோர் பின்வரும் வழிகளைக் கையாள்கின்றனர்.

* நேர மாற்றம்: பந்தயங்களை அதிகாலைக்கோ மறுநாளுக்கோ மாற்றுதல்.
* பாதை ஒதுக்கீட்டில் மாற்றம்: முந்தைய சுற்றுகளில் சிறந்த நேரம் எடுத்த அணிகளுக்குக் காற்று மறைவான பாதைகளை வழங்குதல். இயல்பான நிலையில் நடுப்பாதைகள் இவர்களுக்கு உரியவை. பக்கக்காற்றில் நடுப்பாதை சிறந்த பாதையாக இராது.
* தனித்தனி ஓட்டம்: அணிகள் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, நேர இடைவெளியில் ஓடுதல்.
* தொலைவைக் குறைத்தல்: அலை மிகுந்த பகுதியைத் தவிர்த்து, 1000 மீட்டர் வரை தொலைவைக் குறைத்தல்.

பாதை ஒதுக்கீட்டு மாற்றம் அடிக்கடி விவாதத்துக்கு உள்ளாகிறது. ஏற்கெனவே வேகமாக ஓடியவருக்கே நல்ல பாதை கிடைப்பதால், முந்தைய சுற்றில் ஆற்றலைச் சேமித்து மெதுவாக ஓடியவர் இறுதிப் பந்தயத்தில் இழப்படைகிறார். எனினும் குலுக்கல் முறையில் பதக்கத்தைத் தீர்மானிப்பதைவிட இது ஏற்கத்தக்கது எனக் கருதப்படுகிறது.

கடலோரத் துடுப்புப் படகோட்டம்

படகையும் போட்டியையும் முற்றிலும் மாற்றி, அலையைப் போட்டியின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்வது கடலோரத் துடுப்புப் படகோட்டம் ஆகும். இதற்கான உலகப் போட்டி 2007ஆம் ஆண்டு பிரான்சின் கான் நகரை ஒட்டிய கடலில் நடைபெற்றது.

படகுகள்

கடலோரப் படகின் நீளத்துக்கு மேல் எல்லையும், அகலத்துக்கும் எடைக்கும் கீழ் எல்லையும் விதிக்கப்பட்டுள்ளன. அமைதி நீருக்கான படகுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

* ஒற்றையர்: நீளம் 6 மீட்டருக்கு மிகாதது, அகலம் 0.75 மீட்டருக்குக் குறையாதது, எடை 35 கிலோகிராமுக்குக் குறையாதது. (அமைதி நீர்ப் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோகிராம்.)
* இரட்டையர்: நீளம் 7.5 மீட்டருக்கு மிகாதது, அகலம் 1 மீட்டருக்குக் குறையாதது, எடை 60 கிலோகிராமுக்குக் குறையாதது. (அமைதி நீர்ப் படகு 27 கிலோகிராம்.)
* சுக்கான் பிடிப்பவருடன் நால்வர்: நீளம் 10.7 மீட்டருக்கு மிகாதது, அகலம் 1.3 மீட்டருக்குக் குறையாதது, எடை 150 கிலோகிராமுக்குக் குறையாதது.

அகலம் கூடியதால் இப்படகு தானாகவே நிமிர்ந்து நிற்கிறது. முன்முனை உயர்ந்து அகன்றிருப்பதால் அலையினுள் குத்திச் செல்லாமல் அதன்மேல் ஏறிச் செல்கிறது. இதன் தளம் நீர்மட்டத்துக்கு மேலே அமைந்து, பின்புறம் திறந்துள்ளது. ஆகவே உள்ளே விழும் நீர், படகு ஓடும்போது தானாகவே பின்வழியே வெளியேறும். கவிழ்ந்தாலும் ஓட்டுநரே நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். வேகத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து இவ்வசதிகள் பெறப்படுகின்றன.

போட்டி வகைகள்

நீண்டதூரப் போட்டியில் பல படகுகள் ஒன்றாகப் புறப்பட்டு, மிதவைகளைச் சுற்றி 4 முதல் 6 கிலோமீட்டர் வரை ஓடுகின்றன. தனிப் பாதைகள் இல்லை. அலை, நீரோட்டம், காற்று ஆகியவற்றைக் கணித்து ஒவ்வோர் அணியும் தனக்கேற்ற வழியைத் தேர்ந்துகொள்கிறது. எனவே பாதை ஒதுக்கீட்டுச் சிக்கல் இங்கு எழுவதில்லை.

கடற்கரை விரைவோட்டம் குறுகியது. போட்டியாளர் மணலில் 10 முதல் 50 மீட்டர் ஓடிச் சென்று, உதவியாளர் பிடித்திருக்கும் படகில் ஏறி, மிதவைகளுக்கு இடையே வளைந்து வளைந்து 250 மீட்டர் சென்று, திரும்பி நேராகக் கரைக்கு வந்து, மீண்டும் மணலில் ஓடி முடிக்க வேண்டும். நேரக் கணிப்புச் சுற்றுக்குப் பின் இரண்டிரண்டு பேராக மோதி, தோற்றவர் விலகும் முறையில் இது நடத்தப்படுகிறது. ஒரே வகைப் படகுகளைப் போட்டி நடத்துவோரே வழங்குவது வழக்கம். முதலாவது உலகக் கடற்கரை விரைவோட்டப் போட்டி 2019ஆம் ஆண்டு சீனாவின் சென்சென் நகரில் நடைபெற்றது.

2023 அக்டோபரில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இப்போட்டியை 2028 ஒலிம்பிக்கில் சேர்த்தது. ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், கலப்பு இரட்டையர் என மூன்று பிரிவுகள் இடம்பெறுகின்றன. இதற்கு ஈடாக, குறைந்த எடையினருக்கான பிரிவு 2024 பாரிசு ஒலிம்பிக்குடன் நீக்கப்பட்டது. நீண்ட செயற்கை நீர்ப்பரப்பை அமைக்கும் பொருள்வளம் இல்லாத, ஆனால் கடற்கரை உள்ள நாடுகள் இவ்விளையாட்டில் பங்கேற்க இது வழிவகுக்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம். உடல் சிறுத்த போட்டியாளர்களைக் கொண்ட ஆசிய நாடுகளுக்கு எடைப்பிரிவு நீக்கம் இழப்பாகும் என்பது எதிர்வாதம்.

தமிழகமும் இலங்கையும்

பழைய கடற்படகுகள்

அலைக்கேற்பப் படகை மாற்றுதல் என்பது சோழமண்டலக் கடற்கரைக்குப் புதிதன்று. சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன், கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து பயணிகளும் சரக்கும் மசூலா எனப்படும் படகுகளிலேயே கரைக்குக் கொண்டுவரப்பட்டனர். இப்படகின் பலகைகள் இரும்பு ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை; உள்ளே விலாச்சட்டங்களும் இல்லை. அலை மோதும்போதும் மணலில் முட்டும்போதும் பலகைகள் நெகிழ்ந்து கொடுத்ததால் படகு உடையாமல் தப்பியது. ஐரோப்பியக் கப்பல்களின் விறைப்பான சிறுபடகுகள் அதே அலையில் உடைந்தன. மரக்கட்டைகளைப் பிணைத்து அமைக்கும் கட்டுமரத்திலோ, உள்ளே புகும் நீர் கட்டைகளின் இடைவெளி வழியே வெளியேறிவிடும். இன்றைய கடலோரப் பந்தயப் படகின் திறந்த பின்புறமும் இதே பயனைத் தருகிறது.

சென்னை, கொழும்பு

இவ்விரு நகரங்களிலும் ஆங்கிலேயர் தொடங்கிய துடுப்புப் படகோட்டம் கடலைத் தவிர்த்து உள்நீரை நாடியது. 1864ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொழும்பு ரோயிங் கிளப் நகரின் நடுவிலுள்ள பேரை ஏரியைப் பயன்படுத்துகிறது. 1867ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றின் கரையில் உள்ளது. இவ்விரு கழகங்களுக்கும் இடையே சென்னை–கொழும்புப் படகுப் போட்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடைபெற்று வருகிறது.

அடையாற்றில் பயிற்சி நேரத்தைத் தீர்மானிப்பது கடற்காற்றே ஆகும். இரவில் நிலம் குளிர்வதால் விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானபின், முற்பகலிலோ நண்பகலை ஒட்டியோ கடற்காற்று கரையேறுகிறது. ஆறு கிழக்கு நோக்கிச் சென்று கடலில் கலப்பதால் இக்காற்றுக்கு ஆற்றுவழி திறந்தே இருக்கிறது. எனவே சூரிய உதயத்தை ஒட்டிய வேளையே பந்தயப் படகுக்கு உகந்தது. ஆற்றின் முகத்துவாரத்தில் மணல் திட்டு உருவாவதால் கடலலை உள்ளே வருவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் ஆற்று வெள்ளமும் புயலும் இவ்வேற்பாட்டைக் குலைத்துவிடும்.

மரக்காணம் கடற்கரை

ஒரே காற்று வெவ்வேறு நீர்நிலைகளில் எவ்வாறு வெவ்வேறாகச் செயற்படும் என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதி ஏற்ற எடுத்துக்காட்டாகும். இங்கு மூன்று வகை நீர்நிலைகள் அருகருகே உள்ளன.

* கழுவெளி: திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் உள்ள கிளியனூருக்குக் கிழக்கே பரந்திருக்கும் உவர்நீர் ஏரி. ஆழம் குறைந்து, தடையின்றிப் பரந்து கிடப்பதால் காற்று வலுத்தவுடன் குட்டையான, செங்குத்தான அலைகள் எழக்கூடிய அமைப்பு இது. கோடையில் இதன் பெரும்பகுதி வற்றிவிடும்.
* பக்கிங்காம் கால்வாய்: ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வந்து மரக்காணத்தில் முடிவடைகிறது. குறுகியதாகையால் பக்கக்காற்றில் அலை எழாது. ஆனால் படகுகள் பக்கம்பக்கமாகப் போட்டியிட இடமும் இராது.
* கடல்: மணற்பாங்கான கரையில் அலை உடைந்து விழும். அமைதி நீர்ப் படகு இதைக் கடக்க இயலாது. கடலோரப் படகு இத்தகைய கரைக்கென்றே அமைந்தது.

மரக்காணம் உப்பளங்களில் உப்பு விளைவதற்கு வெயிலுடன் காற்றும் தேவை. உப்பளத் தொழிலாளர் வரவேற்கும் அதே பிற்பகல் காற்றே பந்தயப் படகுக்குப் பகையாகிறது. வடகிழக்குப் பருவமழை உப்புப் பருவத்தையும் முடித்துவைக்கிறது. கடலையும் கொந்தளிக்கச் செய்கிறது. 2011 திசம்பர் 30 அன்று தானே புயலும் 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிய கடற்கரையைக் கடந்தன.

கழுவெளி 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாகவும், 2024ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆகவே நீரின் இயல்பு எவ்வாறிருப்பினும் அது படகுப் போட்டிக்குரிய இடம் அன்று. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரையைக் கொண்ட தமிழகத்தில், உள்நாட்டு ஏரிகளைத் தொடாமல் இவ்விளையாட்டைப் பரப்புவதற்குக் கடலோரப் படகு ஒரு வழியாக அமையக்கூடும். கடலில் இறங்கும் நேரத்தையும் அலையையும் கணிக்கும் அறிவு மீனவ ஊர்களில் ஏற்கெனவே உள்ளது.

பாதுகாப்பு

வெப்பமண்டல நாடுகளில் குளிர்நீரால் ஏற்படும் ஆபத்து குறைவு. ஆனால் திடீர்ப் புயற்காற்றும் இடிமின்னலும் மிகுதி. கொல்கத்தாவின் இரவீந்திர சரோவர் ஏரியில் 2022 மே 21 அன்று மாலை, பயிற்சியில் இருந்த படகு காலவைசாகி எனப்படும் கோடைப் புயற்காற்றில் சிக்கிக் கவிழ்ந்ததில் இரு பள்ளி மாணவர்கள் உயிரிழந்தனர். மீட்புப் படகு உடன் செல்லாதது குறித்து அதன்பின் பரவலாக விவாதிக்கப்பட்டது. நகரின் நடுவே, கரைகள் கண்ணுக்குத் தெரியும் ஏரியில் இது நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. ஆபத்து என்பது கடலுக்கு மட்டும் உரியதன்று.

துடுப்புப் படகுக் கழகங்களில் பொதுவாகப் பின்பற்றப்படும் நடைமுறைகள் வருமாறு:

* புறப்படும் முன் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்தல். நீர்ப்பரப்பில் வெண்ணுரை தோன்றினால் சிறு படகுகளை இறக்காதிருத்தல்.
* மின்னலுக்கும் இடியொலிக்கும் இடைவெளி 30 நொடிக்குக் குறைந்தால் நீரை விட்டு வெளியேறுதல். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருத்தல்.
* நீச்சல் தெரிந்தவரை மட்டுமே படகில் ஏற்றுதல். தொடக்கநிலையினர் மிதப்பு அங்கி அணிதல்.
* பயிற்சியின்போது விசைப் படகு ஒன்று உடன் செல்லுதல்.
* கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திச் செல்லாமல், அதைப் பற்றிக்கொண்டு உதவிக்குக் காத்திருத்தல். நீர் நிரம்பினாலும் படகு மிதக்கும்; களைத்த நீச்சல்காரர் நீண்டநேரம் மிதக்க இயலாது.
* திரும்பும் வழியையும் கணக்கில் கொள்ளுதல். பின்காற்றில் எளிதாகச் சென்ற தொலைவை, எதிர்க்காற்றில் களைப்புடன் திரும்பக் கடக்க வேண்டியிருக்கும்.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது புதியவர்கள் பெரிதும் மறந்துவிடும் ஒன்றாகும். இதன் பொருட்டே பல பயிற்றுநர்கள் முதலில் எதிர்க்காற்றில் சென்று, பின்காற்றில் கரைக்குத் திரும்பும்படி பயிற்சியை அமைக்கின்றனர்.

இவற்றையும் பார்க்க

* துடுப்புப் படகோட்டம்
* கட்டுமரம்
* அடையாறு ஆறு
* பக்கிங்காம் கால்வாய்
* கழுவெளி
* கடற்காற்று